எந்தப் படியில் நிற்கிறது உங்கள் கேமரா?

(ஒளிப்படப் பயிற்சி வகுப்பு ஒன்றின் தொடக்க நாளில் பொது அரங்கில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்திருப்பீர்கள். கேமரா கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்பதெல்லாம் ஒரு சொற்பொழிவா, கேபிளை மாற்றிப் போட்டால் முடிந்துபோகிற காரியம்தானே என்று. முடிந்துபோனால் நல்லதுதான். முடியாதபோது என்ன நடக்கிறது என்று ஸ்டுடியோக்களிலும் சர்வீஸ் கடைகளிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கேபிளைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் செருகுவார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார்கள். இணையத்தில் எங்கிருந்தோ டிரைவர் என்று ஒன்றை இறக்கிப் போடுவார்கள். அது டிரைவராக இருக்காது, விளம்பரமும் வைரஸும் கலந்த வேறு ஏதோவாக இருக்கும். கடைசியில் திரை “இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கும். அப்பாடா, ஏதோ ஒன்று நடக்கிறதே என்ற நிம்மதியில் ‘சரி’யை அழுத்திவிடுவார்கள். தங்கச்சி கல்யாணம் அத்தோடு போயிற்று.

அதனால் மற்றதெல்லாம் பிறகு. இதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் கேட்டால் ‘வேண்டாம்’. படங்கள் கார்டில் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்குக் கேமரா தெரியவில்லை என்பதால் படம் அழிந்துவிடாது. கேபிளைக் கழற்றிவிட்டு, கேமராவின் பின்திரையில் பார்ப்பதற்கான பொத்தானை அழுத்துங்கள். அங்கே படம் ஓடுகிறதா? அப்படியானால் சொத்து பத்திரம். அவசரம் என்றால் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். அவசரமாக ஃபார்மட் செய்துவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் வைத்திருந்தால், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு பெரும்பாலானவற்றை மீட்க வாய்ப்பு உண்டு.

“கார்டு ரீடர்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கேபிளைப் பற்றிய இந்தப் பேச்சு?” என்று ஒரு தம்பி முன்வரிசையில் முணுமுணுக்கிறார். நியாயம்தான். படம் எடுப்பதற்கு மட்டும் என்றால் நானும் ரீடரையே சொல்வேன். ஆனால் ஸ்டுடியோவில் கேமராவைக் கம்ப்யூட்டரோடு கட்டிவைத்துப் படம் பிடிப்பவர்களுக்குக் கேபிள் இல்லாமல் வேலை நடக்காது. பல பழைய கேமராக்களில் கார்டு போக உள்ளேயே கொஞ்சம் நினைவகம் இருக்கும். அதற்கு ரீடர் கிடையாது. இன்னொரு கூட்டமும் இப்போது சேர்ந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவின் பீரோவில் கிடந்த 2004, 2005 காலத்துக் குட்டிக் கேமராக்களைத் தூசி தட்டி எடுத்துவந்து, அந்தப் படங்களின் நிறமே தனி என்று கொண்டாடுகிறார்கள். எடுக்கும்போது கொண்டாட்டம்தான். அந்தக் கேமராவை விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப்பில் செருகும்போதுதான் முகம் மாறுகிறது. அதிலும் ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் சிலவற்றில் இருப்பது எக்ஸ்-டி கார்டு. 2002-ல் வந்து சில வருடங்களில் மறைந்துபோன வகை. அதற்கு ரீடர் தேடி அலைவதைவிடக் கேபிளைச் சரிசெய்வது சுலபம்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். 1975-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அகலத்தில் 100 புள்ளி, உயரத்தில் 100 புள்ளி, கறுப்பு வெள்ளை. எடை ஏறத்தாழ 3.6 கிலோ. ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 வினாடி பிடிக்கும். பதிவானது எங்கே தெரியுமா? ஒலிநாடா கேசட்டில். அந்தக் கேசட்டை எடுத்து வேறொரு கருவியில் போட்டால்தான் டி.வி. திரையில் உருவம் வரும். எடுப்பது ஒரு இயந்திரம், காட்டுவது இன்னொன்று. நாம் இன்று படும் பாடு, டிஜிட்டல் கேமரா பிறந்த அன்றே கூடப் பிறந்தது.

1994-ல் ஆப்பிள் வெளியிட்ட குவிக்டேக் 100 கேமராவில் நல்ல தரத்தில் 8 படம்தான் எடுக்க முடியும். எட்டு முடிந்ததும் சீரியல் கேபிளைக் கட்டிக் கம்ப்யூட்டருக்கு இறக்க வேண்டும். அக்காலப் பி.சி.யின் சீரியல் போர்ட் முழு வேகத்தில், அதாவது வினாடிக்கு 1,15,200 பிட் என்று ஓடினாலும் 1 எம்.பி. வந்துசேர ஒன்றரை நிமிடம் ஆகும். அன்றைக்கு ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கேபிள், ஒரு மென்பொருள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1997-ல் சோனி மாவிகா கேமராவில் ஃபிளாப்பி டிஸ்க்கையே செருகவிட்டது. படம் எடு, ஃபிளாப்பியை உருவு, கம்ப்யூட்டரில் போடு. ஏளனம் செய்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கேமரா வரலாற்றில் பயனரின் கஷ்டத்தை உணர்ந்து செய்யப்பட்ட மிகச் சில பொருள்களில் அது ஒன்று.

1996 ஜனவரியில் யு.எஸ்.பி. என்ற பொது இணைப்பின் முதல் வரையறை வந்தது. இன்டெல் நிறுவனத்தில் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அஜய் பட். குஜராத்தின் பரோடாவில் படித்தவர். எந்தச் சாதனமானாலும் ஒரே மாதிரி துளை, செருகியதும் வேலை செய்ய வேண்டும் என்பது நோக்கம். 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த கண்காட்சியில் விண்டோஸ் 98-ஐ அறிமுகப்படுத்தும் மேடையில் பில் கேட்ஸ் நின்றிருந்தார். அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை யு.எஸ்.பி.யில் செருகினார். அடுத்த கணம் பெரிய திரை முழுக்க நீலம்; கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸும் வேடிக்கையாகச் சமாளித்தார். ஆகவே வீட்டில் கேமரா தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மேடையிலேயே அப்படித்தான் நடந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் ஒரு கேமராவைக் கண்டுகொள்வது ஒரே செயல் அல்ல. மின்சாரம் போக வேண்டும். அங்கே ஏதோ ஒன்று செருகப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அது யார் என்று கேட்டு வாங்க வேண்டும். எந்த முறையில் பேசுவது என்று முடிவாக வேண்டும். அதற்கப்புறம்தான் படம். ஒவ்வொரு படியிலும் வழி அடைபடலாம். எந்தப் படியில் நின்றது என்று தெரியாமல் செய்கிற வைத்தியம் எல்லாம் குருட்டு வைத்தியம். எந்தப் படி என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லும், நாம்தான் கவனிப்பதில்லை.

உங்கள் கையில் ஒரு யு.எஸ்.பி. கேபிள் இருந்தால் அதன் தட்டையான முனையை உற்றுப் பாருங்கள். உள்ளே நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் நீளம், நடுவில் உள்ள இரண்டும் சற்றுக் குட்டை. ஓரத்து இரண்டும் மின்சாரம். நடு இரண்டும் தகவல். செருகும்போது முதலில் மின்சாரம் தொட வேண்டும், பிறகுதான் தகவல் தொட வேண்டும் என்பதற்காகவே இந்த நீள வித்தியாசம். இப்போது மலிவு விலைக் கேபிள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடுவதற்கென்றே செய்தது. அதில் ஓரத்து இரண்டு கம்பி மட்டும்தான் இருக்கும். நடு இரண்டும் எங்கேயும் போகாது. பார்வைக்கு இதுவும் முழுக் கேபிளும் ஒன்றே. ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வந்த கேபிளை, முனை பொருந்துகிறதே என்று கேமராவில் செருகினால் யுகம் முடிந்தாலும் கேமரா தெரியாது. அதே கேபிளில் வேறொரு சாதனத்தைச் செருகி ஒரு ஃபைலை நகலெடுத்துப் பாருங்கள். நகல் ஆனால் கேபிள் நிரபராதி.

பழைய குட்டிக் கேமராக்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நிக்கான் கூல்பிக்ஸ் பலவற்றில் துளை மினி யு.எஸ்.பி. போலவே தெரியும், ஆனால் அது 8 முனை கொண்ட தனி வகை. மினி யு.எஸ்.பி. கேபிளை அழுத்தித் திணித்தால் உள்ளிருக்கும் நாக்கு உடையும். ஒலிம்பஸில் வேறு மாதிரி, சோனியில் வேறு மாதிரி. போதாக்குறைக்கு ஒரே துளையை டி.வி.க்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக வைத்திருப்பார்கள். டி.வி. கேபிளின் கேமரா பக்க முனையும் அதில் கச்சிதமாகப் போய் உட்காரும். எந்தக் கேபிள் என்று கேமராவின் அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லிக் கடையில் கேளுங்கள்; துளையைப் பார்த்து வாங்காதீர்கள்.

இனி இரண்டாவது படி. கேபிள் செருகியாயிற்று. அங்கே யாரோ வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது. கேமராவுக்குள் 1.5 கிலோ ஓம் அளவுள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. கேமரா தயாரானதும் அந்த ரெசிஸ்டர் வழியாகத் தகவல் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தும். கம்ப்யூட்டர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறியதும் விழித்துக்கொள்ளும். கவனியுங்கள், உயர்த்துவது கேமரா. அணைந்திருக்கும் கேமரா உயர்த்தாது. பேட்டரி தீர்ந்த கேமரா உயர்த்தாது. பழைய கேமராக்கள் பலவும் படம் பிடிக்கும் நிலையில் இருந்தால் உயர்த்தாது. படம் பார்க்கும் நிலைக்கு மாற்றினால்தான் உயர்த்தும். ‘கேபிள் சரி, போர்ட் சரி, ஆனாலும் தெரியவில்லை’ என்று வருகிற பழைய கேமராக்களில் பல, அந்த ஒரு பொத்தானை மாற்றியதும் உயிர்பெறும்.

அது நடந்ததும் விண்டோஸ் ஒரு ஒலி எழுப்பும். டிங்-டாங். அந்த ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதுதான் இன்று நான் சொல்லப்போகும் ஆகப் பெரிய மருந்து. ஒலி வந்தால் கம்பி வரைக்கும் பெரும்பாலும் சரி என்று பொருள். திரையில் பிழைச் செய்தி வராத வரை இனிக் கேபிளோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒலியே இல்லை என்றால் கேபிள், போர்ட், கேமராவின் துளை, கேமராவின் நிலை, இந்த நான்குக்குள்தான் குற்றவாளி. அப்போது டிரைவர் தேடுவது வீண். ஸ்பீக்கரை ஊமையாக்கி வைத்துவிட்டு ஒலி வரவில்லை என்று சொல்லக் கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பற்றி ஒரு வார்த்தை. மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளைகள், உள்ளே ஒரு மெல்லிய கம்பி வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன. பல இடங்களில் அதைச் சரியாகச் செருகியே இருக்க மாட்டார்கள். பின்பக்கத் துளையில் போடுங்கள். நடுவில் ஹப் எதுவும் வேண்டாம். தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் தர முடியும், கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 துளை 500 வரை தரும். நீட்டிப்புக் கேபிளும் கூடாது. யு.எஸ்.பி. 2.0-க்கு மொத்த நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே வரையறை, மலிவுக் கேபிளில் அதற்கும் குறைவாகவே தாங்கும்.

அடுத்தது பெயர் கேட்கும் படி. கம்ப்யூட்டர் கேமராவைப் பார்த்து, நீ யார், எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்கும். கேமரா 18 பைட் நீளமுள்ள ஒரு சிறு குறிப்பை அனுப்பும். அதில் கம்பெனிக்கு ஒரு எண், மாடலுக்கு ஒரு எண். இதற்கிடையே கம்ப்யூட்டர் 1 முதல் 127-க்குள் ஒரு முகவரியைக் கேமராவுக்குக் கொடுத்து உட்காரவைக்கும். நாம் கேபிளிலிருந்து கையை எடுப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

முடியாவிட்டால்? “யு.எஸ்.பி. சாதனம் அடையாளம் காணப்படவில்லை” என்று திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி வரும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு ‘அன்னோன் டிவைஸ்’, கூடவே ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்’, பிழை எண் 43. இதைப் பார்த்ததும் எல்லோரும் டிரைவர் தேடி ஓடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். வந்திருப்பது கேனனா நிக்கானா என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கேட்டது, பதில் ஒழுங்காக வரவில்லை, அவ்வளவுதான். யாரென்றே தெரியாதவருக்கு எந்த டிரைவரைப் போடுவீர்கள்? இந்த நிலையில் டிரைவர் மாற்றி எந்தப் பயனும் இராது. பார்க்க வேண்டியது வேறு. தகவல் கம்பியில் ஒன்று அரைகுறையாக அறுந்திருக்கலாம். துளையின் முனைகளில் பச்சை படிந்திருக்கலாம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே பிழை வரும். பழைய கேமராக்கள் யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளாது. தன் பேட்டரியில்தான் ஓடும். பென்டார்ச் செல் போடுகிற கேமராவில், பாதி தீர்ந்த செல் சும்மா திரையைக் காட்டுவதற்குப் போதும். திரையும் கார்டும் யு.எஸ்.பி.யும் சேர்ந்து இழுக்கும்போது மூச்சு வாங்கிவிடும். படம் இறங்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுந்துபோகிறது என்பவர்களும் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, டிவைஸ் மேனேஜரில் கேமராவின் பெயர் தெரிகிறது, ஆனால் பிழை எண் 28 என்கிறது. அதுதான் டிரைவர் இல்லை என்பதன் அடையாளம். இங்கே தேடுவது நியாயம். கேமரா கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் தேடுங்கள். பழைய கேமராப் பெட்டிகளில் ‘சி.டி.யை முதலில் போடு, பிறகே கேமராவைச் செருகு’ என்று சிவப்புத் தாள் ஒட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? யார் அதைப் படித்தார்கள்! டிரைவர் இல்லாத கம்ப்யூட்டரில் கேமராவை முதலில் செருகிவிட்டால், விண்டோஸ் 98 அதை ஊர் பேர் தெரியாத சாதனம் என்று குறித்துவைத்துக்கொண்டு அப்புறமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். இன்றைய விண்டோஸிலும் எப்போதாவது இது நடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பதிவின் மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கேமராவைக் கழற்றி, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கி, பிறகு செருகுங்கள். பழைய குறிப்பு அழிந்தால் புதிதாகக் கேட்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் யு.எஸ்.பி. பட்டியலைப் பாருங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ‘எல்எஸ்-யுஎஸ்பி’ கட்டளை. பட்டியலில் கேமராவின் பெயர் இருந்தால் கருவியில் பழுது இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

பெயர் தெரிந்தும் படம் தெரியவில்லை. மாணவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பேசுகிறேன். கேமராவும் கம்ப்யூட்டரும் படத்தைக் கைமாற்றிக்கொள்ள இரண்டு பெரிய முறைகள் உண்டு. ஒன்று மாஸ் ஸ்டோரேஜ். மற்றொன்று பி.டி.பி.; படங்களைக் கைமாற்றுவதற்கென்றே 2000-ல் வகுத்த விதிமுறை, பிறகு அனைத்துலகத் தரமாகவும் ஆனது. பழைய மளிகைக் கடையில் நாம் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்போம். துவரம் பருப்பு அரைக் கிலோ என்றால் அண்ணாச்சி உள்ளே திரும்பி எடுத்துத் தருவார். எந்தச் சாக்கு எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் நாமே கூடையோடு உள்ளே போய் அலமாரியில் கைவைக்கிறோம். மாஸ் ஸ்டோரேஜ் என்பது சூப்பர் மார்க்கெட். பி.டி.பி. அண்ணாச்சி கடை.

மாஸ் ஸ்டோரேஜில் கம்ப்யூட்டர் கார்டுக்குள் நேரே நுழைந்துவிடும். கேமரா ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அதனால்தான் அப்போது கேமராவில் படம் எடுக்க முடியாது, திரையும் பெரும்பாலும் இருண்டுவிடும். கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கினால் கார்டின் கணக்குப் புத்தகம் கிழியும். இந்த முறையில் கேமரா ஒரு டிரைவ் எழுத்தோடு வரும். சில அலுவலகங்களில் எஃப், ஜி என்ற எழுத்துகளை நெட்வொர்க் டிரைவ்களுக்கு ஏற்கெனவே கொடுத்து வைத்திருப்பார்கள். கேமராவுக்கும் அதே எழுத்து விழுந்தால் பழைய விண்டோஸில் கேமரா வெளியே தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் எழுத்தை மாற்றினால் அடுத்த நொடி தெரியும்.

பி.டி.பி.யில் கேமராவின் கையில்தான் சாவி. கம்ப்யூட்டர் கேட்கும், கேமரா எடுத்துத் தரும். இதில் டிரைவ் எழுத்து இராது. உங்கள் சினிமாப் பாட்டையும் வேறு ஃபைல்களையும் உள்ளே தள்ளிவைக்க முடியாது. ஆனால் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. கார்டுக்குள் இருப்பது ஃபேட் முறையா எக்ஸ்-ஃபேட் முறையா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகள் எக்ஸ்-ஃபேட்டில் வருகின்றன. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில், கூடுதல் அப்டேட் போடாவிட்டால், ரீடரில் அந்தக் கார்டைச் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். அதே கார்டைக் கேமராவிலேயே விட்டுவிட்டுக் கேபிளில் பி.டி.பி. வழியாக வாங்கினால் படங்கள் வந்துவிடும். ரீடர் கைவிட்ட இடத்தில் கேபிள் கைகொடுப்பது இப்படித்தான். அண்ணாச்சி ஒரு நேரத்தில் ஒரு வாடிக்கையாளருக்குத்தான் எடுத்துத் தருவார் என்பதையும் மறக்காதீர்கள். கேமராவை வெப்கேமராவாக மாற்றும் மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது ஸ்டுடியோ மென்பொருள் கேமராவைப் பிடித்துவைத்திருந்தால், மற்றதற்கு ‘இல்லை’ என்ற பதில்தான். கொரோனாக் காலத்தில் வகுப்பெடுக்கக் கேமராவை வெப்கேமராவாக்கிய ஆசிரியர்கள் பலர் இதில் மாட்டினார்கள். லினக்ஸில் ஜி-ஃபோட்டோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. டெஸ்க்டாப் தானாகவே கேமராவை முதலில் பிடித்துக்கொள்ளும், நாம் கட்டளை கொடுத்தால் கிடைக்காது. டெஸ்க்டாப்பில் அதை அன்மவுன்ட் செய்துவிட்டுக் கேளுங்கள்.

எந்த முறை என்பது கேமராவின் மெனுவில் எங்கோ ஒளிந்திருக்கும். சோனியில் ‘யு.எஸ்.பி. கனெக்‌ஷன்’ என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ், எம்.டி.பி., பி.சி. ரிமோட் என்று இருக்கும். முன்பு யாரோ ஸ்டுடியோ வேலைக்காகப் பி.சி. ரிமோட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் கார்டில் உள்ள படங்கள் கண்ணில் படாது. ஒலிம்பஸில் கேபிளைச் செருகியதும் கேமராவின் திரை, கம்ப்யூட்டரா பிரிண்டரா என்று கேட்கும். பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். 2003-ல் வந்த கேனன் இ.ஓ.எஸ். 300டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு விலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்று பேர் வாங்கி, நம் ஊர்க் கல்யாணங்களிலும் சுற்றிய கேமரா. அதன் மெனுவில் ‘கம்யூனிகேஷன்’ என்ற இடத்தில் நார்மல், பி.டி.பி. என்று இரண்டு. நார்மல் என்றால் கேனனின் சொந்த மொழி, கேனனின் பழைய டிரைவர் வேண்டும். புதிய விண்டோஸில் அந்த டிரைவர் ஓடாது. பி.டி.பி.க்கு மாற்றிவிட்டுச் செருகினால் விண்டோஸ் தன்னிடம் உள்ளதைக் கொண்டே பேசிவிடும். கேமரா செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

மேக் பயன்படுத்துவோர் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பி.டி.பி. கேமரா ஃபைண்டரில் வராது. ‘இமேஜ் கேப்சர்’ என்ற மென்பொருள் மேக்கிலேயே இருக்கிறது, அதைத் திறந்தால் இடப்பக்கம் கேமரா நிற்கும்.

ஐரோப்பாவில் வேலை பார்த்துவிட்டு லேப்டாப்போடு திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. விண்டோஸில் ‘என்’ என்று ஒரு வகை உண்டு. மீடியா பிளேயரைச் சேர்த்தே விற்பது போட்டிக்கு விரோதம் என்று 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு அபராதம் போட்டது. அதன் விளைவாக, பாட்டு, வீடியோ சமாச்சாரங்களை நீக்கிய ஒரு விண்டோஸ் வந்தது. அவற்றோடு சேர்ந்து கேமராவோடு பேசும் பகுதியும் போய்விட்டது. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ‘மீடியா ஃபீச்சர் பேக்’ என்பதைச் சேர்த்து மறுபடி துவக்கினால் கேமரா வரும். சட்டப் போராட்டத்தின் செலவு எங்கோ ஒரு வீட்டில் ஒரு கேமராவின் தலையில் விழுகிறது பாருங்கள்.

இனி, கேமரா தெரிகிறது, திறந்தால் காலி. கேமராக்கள் எல்லாம் ‘டி.சி.ஐ.எம்.’ என்ற ஃபோல்டருக்குள்தான் படங்களை வைக்கும். அதற்குள் 100-ல் தொடங்கும் எண்ணோடு உள் ஃபோல்டர்கள். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும். கம்ப்யூட்டரில் யாராவது ‘அக்கா வளைகாப்பு’ என்று பெயர் மாற்றி அதே கார்டில் வைத்தால் கேமரா அதைத் தன் படமாகவே ஏற்காது. பி.டி.பி.யிலும் பெரும்பாலும் காட்டாது. ரீடரில் பார்த்தால் தெரியும். வீடியோ காணவில்லை என்பவர்கள் ‘பிரைவேட்’ என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஏ.வி.சி.எச்.டி. முறையில் பதியும் சோனி, பானசோனிக் கேமராக்களில் வீடியோ அங்கேதான், நாலைந்து அடுக்குக்கு உள்ளே, ‘ஸ்ட்ரீம்’ என்ற ஃபோல்டரில் இருக்கும்.

எல்லாம் தெரிகிறது, ஆனால் நகலெடுக்கும்போது கம்ப்யூட்டர் உறைந்துவிடுகிறது என்பார்கள். பல நேரம் உறையவில்லை, மெதுவாக ஓடுகிறது. 2000-ல் யு.எஸ்.பி. 2.0 வந்தபோது வினாடிக்கு 480 மெகாபிட் என்றார்கள். ஆனால் பழைய 12 மெகாபிட் வேகத்தில் ஓடும் கேமராக்களையும் ‘யு.எஸ்.பி. 2.0 ஃபுல் ஸ்பீடு’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்க விதி இடம் கொடுத்தது. ‘ஃபுல்’ என்று வாங்கியவருக்குக் கிடைத்தது நாற்பதில் ஒரு பங்கு. இந்தப் பெயரைச் சூட்டியவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 2 ஜி.பி. கார்டு அந்த வேகத்தில் இறங்க நடைமுறையில் அரை மணிக்கு மேல் ஆகலாம். பொறுமையில்லாமல் கேபிளைப் பிடுங்கினால்தான் உண்மையான பழுதே ஆரம்பிக்கும்.

கடைசியாக, உள் நினைவகம் உள்ள கேமரா. கேபிள் கிடைக்கவில்லை, அல்லது துளை உடைந்துவிட்டது. கார்டு இல்லாத நேரத்தில் எடுத்த படங்கள் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும். கார்டு உள்ளே இருக்கும் வரை பெரும்பாலான கேமராக்கள் அவற்றைக் காட்டாது. கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள்; வருடக்கணக்கில் மறந்துபோன முகங்கள் சில சமயம் வரும். பிறகு கேமரா ஏற்கிற அளவில், பழைய கேமரா என்றால் 2 ஜி.பி.க்கு மேற்படாத எஸ்.டி. கார்டு ஒன்றைப் போடுங்கள். பெரிய கார்டைப் பழைய கேமரா ஏற்காது. பார்க்கும் மெனுவில் ‘காப்பி’ என்று ஒன்று இருக்கும். உள்ளிருந்து கார்டுக்கா, கார்டிலிருந்து உள்ளுக்கா என்று கேட்கும். திசையைச் சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள். அப்புறம் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் ஆயிற்று, கேபிளே தேவைப்படாது. கேமரா கொண்டுவந்திருப்பவர்கள் மேடைக்குப் பக்கத்து மேசைக்கு வரலாம். வரும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு வாருங்கள்.